கூரியரில் வரும் கன்று

செம்பருத்திக் கன்று வாங்க வேண்டுமென்றால் நர்சரிக்குப் போவோம். இலையைப் புரட்டிப் பார்த்து, விலையைக் குறைத்துக் கேட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவருவோம். இன்று பலர் ராத்திரி பத்து மணிக்குக் கைபேசியில் ஆர்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். கொரோனா ஊரடங்கில் நர்சரிக்குப் போக வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் பலருக்கு அப்படியே நிலைத்துவிட்டது. தமிழக அரசின் தோட்டக்கலைத் துறையே மாடித்தோட்டத் தளை எனப்படும் பொருள்தொகுப்புக்கு இணையத்தில் முன்பதிவு வாங்கியிருக்கிறது.

மண்வெட்டியும் பூவாளியும் தபாலில் வருவதில் வியப்பில்லை. உயிருள்ள ஒரு செடி நாலைந்து நாள் அட்டைப்பெட்டி இருட்டில் கிடந்துவிட்டுப் பிழைத்து வருகிறதே, அதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

செடியைத் தூரதேசத்துக்கு அனுப்புவது ஒரு காலத்தில் பெரும் சூதாட்டம். கப்பலின் மேல்தளத்தில் உப்புக்காற்று பட்டு, நல்ல தண்ணீர் கிடைக்காமல் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். 1829இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் வைத்தார். பூச்சியைவிட அவரைக் கவர்ந்தது, அந்த மண்ணில் தானாக முளைத்த பெரணியும் புல்லும். உள்ளே ஆவியான ஈரம் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே வடிந்துகொண்டிருந்தது. 1833இல் இதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. மலேரியா மருந்துக்கான சின்கோனா 1860களில் நீலகிரி மலைக்கு வந்ததிலும் வார்டின் பெட்டிகளுக்குப் பங்குண்டு.

இன்றைய அட்டைப்பெட்டியில் கண்ணாடி கிடையாது, வெளிச்சமும் கிடையாது. இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசம் நிற்காது. சேர்த்துவைத்த மாவுச்சத்தைக் கரைத்துத்தான் செடி நாளை ஓட்டுகிறது. இருட்டில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்வதால் தண்ணீர்ச் செலவு குறைவது ஒரு சௌகரியம். எதிரி வெப்பம். சுமார் பத்து டிகிரி ஏறினாலே சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். அடைபட்ட பெட்டியில் எத்திலீன் வாயு சேர்ந்தால் மொட்டும் இலையும் உதிரும். பெட்டியின் பக்கங்களில் ஓட்டை போடுவது இதற்காகத்தான். பூத்துக் குலுங்கும் படத்தைப் பார்த்து, பூவோடு கன்று வேண்டுமென்று கேட்பது வீண் ஆசை. பூவில்லாத, தண்டு திரண்ட சிறு கன்றுதான் பயணம் தாங்கும்.

கட்டத் தெரிந்தவர்கள் கட்டிய பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் வேலைப்பாடு புரியும். தொட்டியின் வாய் உள்ளிருப்பது சிந்தாதபடி பிளாஸ்டிக் தாளால் தண்டைச் சுற்றி இறுக்கப்பட்டிருக்கும். தண்டோடு ஒரு குச்சி கட்டியிருக்கும். இலைகளைக் கூட்டிச் செய்தித்தாளில் கூம்பாகச் சுருட்டியிருப்பார்கள். தொட்டி நகராதபடி பெட்டியோடு டேப் போட்டிருக்கும். வேர்ப்பகுதி லேசான ஈரத்தோடுதான் இருக்கும், சொதசொதவென்று இருக்காது. இருட்டும் புழுக்கமும் உள்ள இடத்தில் ஈரம் மிகுந்தால் வேர் அழுகிவிடும்.

பல பெட்டிகளில் மண்ணே இருக்காது. தென்னைநார்க் கழிவான கோகோபீட் இருக்கும். கூரியர்காரர் எடைக்குத்தானே காசு வாங்குகிறார்! பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளின் வாசலில் மலைபோல் குவிந்து, யாருக்கும் வேண்டாததாகக் கிடந்த பொருள் இது. இன்று கட்டியாக அழுத்தி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. ஐந்து கிலோ கட்டியைத் தண்ணீரில் போட்டால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பி எழும். தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆனால் சத்து என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மண்புழு உரமோ மக்கிய எருவோ கலக்காமல் கத்தரி நட்டுவிட்டுக் காய்க்காக ஏங்கிப் பயனில்லை. மலிவுக் கட்டிகளில் உப்பும் மிச்சமிருக்கும். ஊறவைத்த தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே தொட்டியில் நிரப்ப வேண்டும்.

கன்று வந்து இறங்கியதும் பலர் செய்யும் காரியம், அன்றைக்கே பெரிய தொட்டிக்கு மாற்றி, உரம் போட்டு, மொட்டைமாடி வெயிலில் வைப்பது. கன்றை விரைவாகக் கொல்ல இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஒரு வாரம் வெளிச்சமான நிழலில், வந்த தொட்டியிலேயே இருக்கட்டும். அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். எல்லா இலையும் கொட்டிவிட்டால் நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

இணையத்தில் வாங்க நிஜமாகவே தோதானவை விதைகளும் கிழங்குகளும்தான். அவை உறக்கத்தில் இருப்பவை. இருட்டு அவற்றை ஒன்றும் செய்யாது. பாக்கெட்டில் முளைப்புத்திறனும் பரிசோதித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெங்காய விதை ஒரு வருடத்திலேயே வீரியம் குறைந்துவிடும்; தக்காளி, கத்தரி சில வருடம் தாங்கும்.

ஏமாற்று வேலையும் இங்கேதான் அதிகம். 'நீல ரோஜா விதை' என்று விற்பவர்களை நம்பாதீர்கள். ரோஜாவில் நீலத்துக்கான டெல்ஃபினிடின் நிறமி இயற்கையாகவே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் வேறு செடியின் மரபணுவைப் புகுத்திப் பல வருடம் பாடுபட்டு 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாவும் இளம் ஊதாவாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, எந்தக் கலப்பு ரோஜாவும் விதையிலிருந்து தாய்ச்செடியைப்போல் வராது. அதனால்தான் நர்சரிக்காரர்கள் ஒட்டுக்கட்டியும் குச்சி நட்டும் பெருக்குகிறார்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் விதை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைகாப்பு ஆணைப்படி, விதையோ செடியோ இந்தியாவுக்குள் வர நோயில்லை என்ற சான்றிதழ் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு இறக்குமதி அனுமதியும் வேண்டும். 2020இல் அமெரிக்காவில் பலர் வீட்டுக்குக் கேட்காமலே மர்ம விதைப் பொட்டலங்கள் வந்தபோது, நம் வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. அப்படி ஏதாவது உங்கள் முகவரிக்கு வந்தால் விதைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பிரிக்காமல் பக்கத்து வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.