இயல்பழுத்த மூளைநீர்க்கோவை

இயல்பழுத்த மூளைநீர்க்கோவை என்பது முதியோரிடம் ஆல்சைமர் நோய் எனத் தவறாகக் கருதப்படக்கூடிய மூளைக் கோளாறுகளுள் ஒன்றாகும். மூளையின் உள்ளே அமைந்த அறைகளில் மூளைத் தண்டுவட நீர் மிகுதியாகத் தேங்கி அவ்வறைகள் விரிவடைவதால், நடைத் தளர்ச்சி, சிந்தனை மந்தம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தோன்றுகின்றன. மறதியை உண்டாக்கும் நோய்களுள் அறுவை மருத்துவத்தால் பயன்பெறக்கூடிய சிலவற்றுள் இதுவும் ஒன்று. எனவே இதனை ஆல்சைமர் நோயிலிருந்து பிரித்தறிதல் இன்றியமையாதது.

வரலாறு

கொலம்பியா நாட்டு நரம்பியல் அறுவை மருத்துவரான சாலமோன் ஹக்கீம் (1922–2011) இந்நோயை முதன்முதலில் விளக்கினார். 1957ஆம் ஆண்டில் பொகோட்டா நகரில், விபத்தில் தலையில் அடிபட்டு உணர்வற்றுக் கிடந்த 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவர் மருத்துவம் செய்தார். அவனது மூளை அறைகள் விரிந்திருந்தபோதிலும் நீரின் அழுத்தம் இயல்பாகவே இருந்தது. சோதனைக்காகச் சிறிதளவு நீர் எடுக்கப்பட்ட பின் அச்சிறுவன் பேசத் தொடங்கினான். இத்தகைய நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகளை ஹக்கீம், அமெரிக்க மருத்துவர் ரேமண்ட் ஆடம்சு ஆகியோர் 1965இல் வெளியிட்டனர். அழுத்தம் இயல்பாக இருப்பதே இந்நோயின் பெயருக்குக் காரணமாகும்.

காரணம்

வளர்ந்த ஒருவரின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் நீர் உள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரக்கிறது. பழைய நீர் மீண்டும் உறிஞ்சப்படுகிறது. இச்சமநிலை குலையும்போது நீர் தேங்குகிறது. மூளை உறையில் குருதிக் கசிவு, மூளையுறை அழற்சி, தலைக்காயம் ஆகியவற்றைத் தொடர்ந்து எவ்வயதிலும் இது ஏற்படலாம். தெளிவான காரணமின்றித் தோன்றும் வகை பெரும்பாலும் 60 வயதைக் கடந்தோரிடம் காணப்படுகிறது.

ஆல்சைமர் நோயுடன் வேறுபாடு

இந்நோயில் பொதுவாக நடையே முதலில் பாதிக்கப்படுகிறது. கால்களை அகற்றி வைத்து, தரையோடு பாதங்கள் ஒட்டிக்கொண்டவை போலச் சிறு அடிகளாக நடப்பர். திரும்புவதற்குப் பல அடிகள் வைப்பர். சிந்தனையின் வேகமும் கவனமும் குறையும். ஆல்சைமர் நோயிலோ அண்மை நிகழ்வுகளை மறத்தலே பெரும்பாலும் முதல் அறிகுறியாகும். நடை தளர்வது பிற்காலத்திலேயே. இம்மூன்று அறிகுறிகளும் முதுமையின் இயல்பு என எண்ணப்படுவதால் நோய் கவனிக்கப்படாமல் போவதுண்டு. நடையைக் கொண்டு பார்க்கின்சன் நோய் எனக் கருதப்படுவதும் உண்டு.

நோயறிதல்

சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை அறைகளின் விரிவு தெரியும். எனினும், ஆல்சைமர் நோயில் மூளை சுருங்குவதாலும் அறைகள் பெரிதாகத் தோன்றலாம். ஆகவே படம் மட்டும் போதாது. கீழ்முதுகில் ஊசி செலுத்தி 30 முதல் 50 மில்லி லிட்டர் நீரை வெளியேற்றி, அதற்கு முன்னும் பின்னும் நோயாளியின் நடை அளவிடப்படுகிறது. நடை சீரடைந்தால் அறுவை மருத்துவம் பயன்தரும் வாய்ப்பு மிகுதி. சீரடையாவிடினும் அவ்வாய்ப்பு இல்லை எனக் கூறிவிட இயலாது.

மருத்துவம்

மூளை அறையிலிருந்து தோலுக்கு அடியாக வயிற்றுக்குழிக்கு ஒரு வடிகுழாய் பொருத்தப்படுகிறது. அதிலுள்ள அடைப்பிதழ் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 99 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஓர் ஆய்வில், அடைப்பிதழ் திறந்து வைக்கப்பட்டோரின் நடைவேகம் மூன்று மாதங்களில் தெளிவாகக் கூடியது. நினைவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோய்த்தொற்று, குழாய் அடைப்பு, மூளையைச் சுற்றிக் குருதிக் கசிவு ஆகியன இம்மருத்துவத்தின் இடர்களாகும். ஒருவருக்கு இந்நோயும் ஆல்சைமர் நோயும் ஒருங்கே இருக்கலாம். அந்நிலையில் பயன் குறையக்கூடும்.

இவற்றையும் பார்க்க

ஆல்சைமர் நோய்
பார்க்கின்சன் நோய்
மூளைத் தண்டுவட நீர்