புளி போட்டுத் துலக்கினால் காசு போச்சு!

வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். மும்பைக்கு வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் அந்த வழக்கம் விடவில்லை. விளக்குக்கு அது அழகு. பழைய காசுக்கு அதுவே நாசம்!

தாராவியில் வசிக்கும் நெல்லைக்காரர் ஒருவர் அண்மையில் ஒரு காலணாவைக் கொண்டுவந்து காட்டினார். ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் தினமும் சில்லறை எண்ணுகிறவன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்து வெண்கலக் காசு. அவருடைய ஆச்சி மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்ததாம். ஒரு பக்கம் மன்னர் தலை புடைத்து நின்றது. மறுபக்கமும் அதே தலை. ஆனால் குழிவாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி இருந்தது. ஆண்டும் இல்லை, காலணா என்ற எழுத்தும் இல்லை. பூவா தலையா போட்டால் எப்போதும் தலைதான்!

மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய நேரம். விற்கப் போகிற பொருள் பார்வையாக இருக்கட்டும் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். காசு புதுச் செம்புபோலப் பளபளத்தது.

கோட்டைப் பகுதியில் நாணய வியாபாரி ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பிழைக் காசுதான், சந்தேகமில்லை. ஆனால் தேய்த்துவிட்டீர்களே! அப்படியே கொண்டுவந்திருந்தால் இதைப்போல மூன்று மடங்கு கொடுத்திருப்பேன்" என்றார். நண்பரின் முகம் வாடிவிட்டது.

பிழை விழுவது எப்படி?

நாணயச் சாலையில் வட்டமான உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். அடித்த காசு சில வேளை கீழே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை வந்ததும் அதன் ஒரு பக்கத்தில் அச்சு பதிகிறது. மறுபக்கத்தில் ஒட்டியிருந்த காசின் தலை குழிவாகப் பதிகிறது. ஆச்சியின் காலணா இப்படிப் பிறந்ததுதான்.

வேறு பிழைகளும் உண்டு. வில்லை நகர்ந்துவிட்டால் உருவம் ஓரமாகப் பதிந்து மறு ஓரம் வெறுமையாக நிற்கும். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது முன்பு வெட்டிய துளையின் மேல் வெட்டு விழுந்தால் காசு பிறை கடித்ததுபோல் இருக்கும். பெரும்பாலும் அந்தக் கடிக்கு நேர் எதிரே விளிம்பு மங்கியிருக்கும். அரத்தால் ராவிய காசில் அந்த மங்கல் இராது. அச்சு விரிசல் கண்டால் காசின் மேல் மேடான கோடு விழும். பள்ளமான கோடு என்றால் அது பெரும்பாலும் வெறும் கீறல்தான்.

இரு பக்கமும் புடைத்த தலை உள்ள காசு என்று யாராவது காட்டினால் எச்சரிக்கை! இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டியதாக இருக்கலாம். விளிம்பின் உட்புறத்தில் ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள்.

இவை பிழை அல்ல

தண்டவாளத்தில் சிறுவர்கள் வைத்து நசுக்கிய காசுகள் என் கவுன்ட்டருக்கும் வந்ததுண்டு. சாலையை விட்டு வெளியே வந்தபின் நேர்ந்தது சேதமே தவிரப் பிழை அல்ல.

ஆண்டின் கீழே உள்ள குறிகளும் பிழை அல்ல. வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1990களின் பிற்பகுதியில் வெளிநாட்டிலும் நமக்காக நாணயம் அடிக்கப்பட்டதால் சில ஒரு ரூபாய்க் காசுகளில் வேறு எழுத்துகள் இருக்கும்.

பத்து ரூபாய் நாணயத்தில் கோடுகள் 10 இருந்தாலும் 15 இருந்தாலும், ரூபாய்க் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை வெவ்வேறு வடிவங்களே. அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது.

ஏன் துலக்கக் கூடாது?

செம்பு, வெண்கலக் காசுகளில் காலம் ஏற்றிய பழுப்பு நிறம் அழுக்கு அல்ல, காசின் மேல்தோல். வெள்ளியின் கறுப்பும் அப்படியே. புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடுகிறது. சாம்பல் மெல்லிய கீறல்களைப் போடுகிறது. வெறுங்கண்ணுக்குப் பளபளப்பு தெரியும். லென்ஸுக்குக் கீறல்தான் தெரியும். போன தோல் திரும்ப வராது. எலுமிச்சை, பற்பசை, பாத்திரப் பவுடர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து எடுங்கள். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பி.வி.சி. உறைகளில் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். மும்பை மழைக்காலத்து ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

லட்ச ரூபாய் ஆசை

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று செல்போனில் வரும் விளம்பரங்களை நம்பி, வரி என்றும் கமிஷன் என்றும் முன்பணம் கட்டி ஏமாறுகிறவர்கள் உண்டு. தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணம் கேட்கிறவர்களுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் தர வேண்டியவர் வாங்குகிறவர். அவர் நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நெல்லை நண்பர் காலணாவை விற்கவில்லை. கட்டணத்துக்குக் கடன் வாங்கினார். "ஆச்சி எழுபது வருஷம் தொடாமல் வைத்திருந்தாள், நான் பத்து நிமிஷத்தில் கெடுத்தேன்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு முடிச்சு இருக்கலாம். அவிழ்த்துப் பாருங்கள்; கண்ணால் மட்டும் பாருங்கள். புளி விளக்குக்கே இருக்கட்டும்!