வாடகை வானூர்திகளில் பயணிகளின் போதைப்பொருள் பயன்பாடு

வாடகை வானூர்தி என்பது ஒருவரோ ஒரு குழுவினரோ தமக்கென முழுமையாக அமர்த்திக்கொள்ளும் வானூர்தி ஆகும். சிறிய வானூர்திகள் பலவற்றில் பணிப்பெண்கள் இருப்பதில்லை. பணம் செலுத்தும் வாடிக்கையாளரே விதியை மீறும்போது, அவரைத் தடுக்கும் சங்கடமான பொறுப்பு விமானிகளையே சாரும்.

ஐக்கிய அமெரிக்காவில் கூட்டரசு வான்போக்குவரத்து விதி 91.3 தலைமை விமானிக்கே இறுதி அதிகாரம் அளிக்கிறது. போதையில் இருப்பதாகத் தோன்றுபவரை, உரிய பராமரிப்பிலுள்ள நோயாளியாக இருந்தாலன்றி, ஏற்றிச் செல்வதை விதி 91.17 தடை செய்கிறது. அவசரநிலைக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்ட அனுமதியற்ற போதைப்பொருள் இருப்பதை அறிந்தே வானூர்தியை இயக்குவது விதி 91.19 இன்படி மீறலாகும். ஆகவே கண்டும் காணாதிருக்கும் விமானி தம் உரிமத்தையே இழக்க நேரிடலாம்.

புறப்படுமுன் ஏற்ற மறுப்பதே எளிய வழி. பறக்கும்போது எச்சரிக்கை பயனளிக்காவிடில், வானொலி வழியே காவல்துறையை வரவழைத்து அருகிலுள்ள நிலையத்தில் தரையிறங்கலாம். பன்னாட்டுப் பறப்புகளில், பாதுகாப்புக்கு ஊறு விளைவிப்பவரைக் கட்டுப்படுத்தவும் இறக்கிவிடவும் 1963 ஆம் ஆண்டின் தோக்கியோ உடன்படிக்கை இடமளிக்கிறது.

கஞ்சாப் புகை தனிச் சிக்கலாகும். விமானிகள் முன்னறிவிப்பற்ற போதைப்பொருள் சோதனைக்கு உட்பட்டவர்கள். 2014 இல் கனடாவிலிருந்து நியூ செர்சி சென்ற வாடகை வானூர்தி ஒன்றில், புகையைச் சுவாசிக்காதிருக்க விமானிகள் ஆக்சிசன் முகமூடி அணிந்ததாகச் செய்திகள் வெளியாயின.