கடை பூட்டிய ஏழு வாரம்

நம்மிடம் இருபது வருஷமாகச் சரக்கெடுக்கும் மளிகைக் கடைக்காரர் அவர். 2023-ல் குரல் கம்மிப்போயிற்று. மிளகாய் நெடி என்றிருந்தார். நாமும் அப்படித்தான் சொன்னோம். காது வலியும் கழுத்தில் கட்டியும் வந்தபின் பார்த்தால், தொண்டையில் புற்றுநோய்.

சென்னையில் வைத்தியம். வாரம் 5 நாள் வீதம் 7 வாரம், 35 முறை கரண்ட் வைத்தார்கள். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்தும் ஏற்றினார்கள். அதற்கு முன்பே சொத்தைப் பற்களைப் பிடுங்க வேண்டியதாயிற்று. மூன்றாம் வாரம் வாயெல்லாம் புண். மூக்கு வழியே குழாய் போட்டுக் கஞ்சி.

ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பில் உண்டு. பில் இல்லாத செலவைப் பேரேடு எழுதும் நம்மைப் போன்றவர்கள்தான் பார்க்க முடியும். லாட்ஜ் வாடகை, ஆட்டோ, சத்துமாவு டப்பா ஒரு பக்கம். சம்சாரமும் கூடவே போனதால் கடைக்குப் பூட்டு. பயறிலும் ரவையிலும் வண்டு. மாத வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போயிற்று. நோட்டுப் பாக்கியும் அதோடு போயிற்று.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. இவருக்கு அது எட்டவில்லை. வேறு பாலிசியும் கிடையாது. லாரிச் சரக்குக்கும் குடோனுக்கும் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டும் நம்மில் எத்தனை பேர் உடம்புக்குக் கட்டியிருக்கிறோம்? நோய் கண்டபின் கூப்பிட்டால் ஏஜெண்டு வாசல் பக்கம் வரமாட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறோம். 2013-ல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வருமுன், அவர் கடையில் தொங்கிய சரங்கள் நம் குடோனிலிருந்து போனவை. விற்றவர் தாமும் மென்றார். அவர் பேரில் நம் பேரேட்டில் 64,300 ரூபாய் பாக்கி நிற்கிறது. வசூலுக்குப் போகும் பையனிடம் அந்தத் தெருவுக்குப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.