பள்ளி திறப்பது எப்போது?



பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை என்றால் உங்களுக்கு மகிழ்ச்சி. ஒரு வாரம் என்றால் பெருமகிழ்ச்சி. பத்தொன்பது மாதம் என்றால் அதனை என்னென்பது? 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் அடைக்கப்பட்ட தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. உங்களுள் பலர் அந்நாளில் வீட்டிலிருந்த பிள்ளைகளே. எனினும், பள்ளியைத் திறக்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் எவ்வாறு வாதிட்டனர் என்பதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அப்போது நான் திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில் ஆசிரியனாக இருந்தேன். 9 முதல் 12 வரையுள்ள வகுப்புகளை 2020 நவம்பர் 16-ஆம் நாள் தொடங்கலாம் என்று அரசு அறிவித்திருந்தது. அதற்குமுன் பெற்றோரின் கருத்தை அறிய வேண்டும் எனவும் முடிவாயிற்று. நவம்பர் 9-ஆம் நாள், திங்கட்கிழமை, பள்ளிகள்தோறும் கூட்டம் கூடிற்று. எங்கள் பள்ளியிலும் நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டோம். வாயிலில் வாளியும் சோப்பும் வைத்தோம்.

வந்தவர்களில் பெரும்பாலோர் அஞ்சினர். அவ்வச்சத்தை எளிதென்று தள்ளிவிட முடியாது. தடுப்பூசி அன்று இல்லை. நம் நாட்டில் அது தொடங்கியதே 2021 சனவரி 16-ஆம் நாள்தான். நோய் பிள்ளைகளைப் பெரிதும் வாட்டுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை, ஒரே கூரையின்கீழ் உறங்கும் பாட்டிக்கு அதனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால்? தீபாவளி ஐந்து நாளில் வரவிருந்தது, ஊரெங்கும் கூட்டம். நகரப் பேருந்தில் முண்டியடித்து வரும் மாணவர்களை எவ்வாறு விலகி நிற்கச் செய்வது என்று ஒருவர் கேட்டார். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் உள்ளூர அச்சமிருந்தது, அதனை மறைப்பானேன்? நானும் என் கருத்தாகத் 'திறக்க வேண்டா' என்றே கூறினேன்.

கூட்டம் முடியும் தறுவாயில் ஓர் அம்மையார் வந்தார். அரை நாள் கூலியை இழந்து வந்திருந்தார். மற்றவர் பேசியதைக் கேட்டபின், "பிள்ளை வீட்டில் பத்திரமாக இருக்கிறான் என்று பேசுகிறீர்கள், சார். அவன் வீட்டிலா இருக்கிறான்? என்னோடு செங்கல் சூளையில் அல்லவா இருக்கிறான்!" என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. வேலை நாளில் கூட்டிய கூட்டத்திற்கு வரமுடியாத பெற்றோர் எத்தனை பேர் என்று அப்போதுதான் நான் எண்ணிப் பார்த்தேன். பள்ளி அடைபட்டதால் மிகுதியாக இழந்தவர்கள் யாரோ, அவர்களே அன்று அவைக்கு வரவில்லை.

விழுப்புரம் நகரில் தனியறையும் கைப்பேசியும் இணைய வசதியும் உடைய பிள்ளை நாள்தோறும் பாடம் கேட்டான். மரக்காணம் உப்பளத் தொழிலாளியின் வீட்டில் கைப்பேசி ஒன்று இருந்தால், அது தந்தையுடன் காலையிலேயே வேலைக்குச் சென்றுவிடும். 2019-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பேருதவி செய்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கி, 'புரியவில்லை, மற்றொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்க இயலுமா? (வானொலிக்கும் இக்குறை உண்டு, நீங்கள் இப்போது என்னை இடைமறிக்க முடியாதன்றோ!)

இவ்வாதம் புதிதன்று. 1918-இல் உலகை உலுக்கிய விஷக்காய்ச்சலின்போது அமெரிக்க நகரங்கள் பல பள்ளிகளை மூடின. நியூயார்க்கு நகரமோ மூடவில்லை. அந்நகர நலத்துறை ஆணையர் கோப்லாந்து கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. பிள்ளைகளுட் பெரும்பாலோர் காற்றும் வெளிச்சமும் குன்றிய நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்பவர். அவர்களுக்கு வீட்டைவிடப் பள்ளியே தூயது. அங்கே ஆசிரியர் நாள்தோறும் பார்த்து, நோய்க்குறி கண்டவரைப் பிரித்தறியலாம் என்றார். சூளையிலிருந்து வந்த அம்மையார் சொன்னதும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் நியூயார்க்கில் அன்று பள்ளி மருத்துவரும் செவிலியரும் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

நவம்பர் 12-ஆம் நாள் அரசு தன் முடிவைத் தள்ளிவைத்தது. அடுத்த இரு வாரத்தில் 'நிவர்' புயல் மரக்காணத்தை ஒட்டிக் கரை கடந்தது. அப்போது கரையோர மக்கள் தங்குவதற்காகப் பள்ளிக் கட்டடங்கள் முகாம்களாயின. பாடத்திற்குத் திறவாத கதவு புயலுக்குத் திறந்தது.

சனவரியில் மீண்டும் கருத்துக் கேட்டனர். இம்முறை பெற்றோர் இசைந்தனர். 2021 சனவரி 19-ஆம் நாள் 10, 12-ஆம் வகுப்புகள் தொடங்கின. அறைக்கு 25 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. பின்னர் 9, 11-ஆம் வகுப்புகளும் வந்தன. மார்ச்சில் இரண்டாம் அலை, மறுபடியும் பூட்டு. செப்டம்பர் முதல் நாள் மேல்வகுப்புகள் திறந்தன.

இவ்வரிசையைக் கவனியுங்கள். பொதுத் தேர்வு எழுதுவோர் முதலில், சிறுவர் கடைசியில். டென்மார்க்கு நாட்டில் இதற்கு நேர்மாறாக, 2020 ஏப்ரலிலேயே சிறு குழந்தைகளை முதலில் அழைத்தனர். பெரிய மாணவன் புத்தகத்தைத் தானே படிப்பான்; எழுத்தறியாத குழந்தை யாரைக் கொண்டு படிக்கும்? நம்மிடம் தேர்வுக்கு இருந்த மதிப்பு அகர முதல் எழுத்துகளுக்கு இல்லாமற் போயிற்று என்பது என் கருத்து. அதன் விலையைப் பின்னர்க் கண்டோம். ஊர்ப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் 'ஏசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டின் 5-ஆம் வகுப்பு மாணவருள் 2-ஆம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 2018-இல் நூற்றுக்கு 40 பேருக்குச் சற்று மேல்; 2022-இல் 25 பேரளவே.

இவ்விழப்பை ஈடுசெய்ய வகுத்த 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை 2021 அக்டோபர் 27-ஆம் நாள் முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பம். மரக்காணத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் அது. மாலை 5 மணிக்குமேல், அந்தந்த ஊரில் படித்த தன்னார்வலர் ஒருவர் 20 பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஒன்றரை மணி நேரம்வரை கற்பிப்பார். திண்ணையிலும் மரத்தடியிலும் கோயில் முற்றத்திலும் வகுப்பு நடந்தது. கற்பித்தோரில் பலர் பெண்கள்.

நவம்பர் முதல் நாள் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குச் சென்றிருந்தேன். வாழை மரம் கட்டியிருந்தனர். 2020 மார்ச்சில் முதல் வகுப்பிலிருந்து வீடு சென்ற பிள்ளைகள் இப்போது மூன்றாம் வகுப்பினர். இரண்டாம் வகுப்பை அவர்கள் கண்டதே இல்லை. மணி அடித்ததும் அவர்களிற் சிலர் ஓடிச்சென்று பழைய முதல் வகுப்பு அறையில், தத்தம் பழைய இடத்திலேயே அமர்ந்துகொண்டனர். ஆசிரியை அவர்களை எழுப்பவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டு, 'அ' என்று எழுதினார்.