கேஸ் ஹீட்டர் பற்றவில்லையா? முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்!

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் விடியற்காலைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. குளிக்க, பால் கேன் கழுவ, மாட்டின் மடியைத் துடைக்க என வெந்நீர்த் தேவை கூடும். விறகும் நனைந்து கிடக்கும். அதனால், பின்கட்டிலும் தொழுவத்திலும் மாட்டிக்கொள்ளும் சிறிய கேஸ் ஹீட்டர் இப்போது பல வீடுகளுக்கு வந்துவிட்டது.

“குழாயைத் திறந்தால் சில நாள் ‘டிக் டிக்’ சத்தம் வருகிறது, பற்றுவதில்லை. சில நாள் சத்தமே இல்லை. என்ன கோளாறு?” என்று மேலகரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது.

இந்த ஹீட்டரை இயக்குவது தண்ணீர்தான். தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடினால், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு தள்ளப்பட்டு ஒரு சுவிட்சை அழுத்தும். உடனே பேட்டரி தீப்பொறி கொடுக்கும். கேஸ் வால்வும் திறக்கும். சில விநாடிகளில் தீ தெரியவில்லை என்றால் கேஸ் தானாக நின்றுவிடும்.

சத்தமே வரவில்லை என்றால்

தண்ணீரையும் பேட்டரியையும் பாருங்கள். 1 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது 0.1 பார் அழுத்தம். ஹீட்டருக்குத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் அதோடு வரும் கையேட்டில் இருக்கும். அது 0.25 பார் என்றால், தொட்டியின் நீர்மட்டம் ஹீட்டரைவிட இரண்டரை மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் நீளமாகவோ வளைவுகளோடோ இருந்தால் இன்னும் உயரம் வேண்டும். தொட்டி நிறைந்திருக்கும்போது பற்றி, பாதியானதும் பற்றவில்லை என்றால் காரணம் இதுதான்.

சொட்டுநீர்ப் பாசனத்தில் ஃபில்டர் அடைத்தால் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாது அல்லவா? இங்கேயும் அதே கதைதான். தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சிறிய வலை இருக்கும். கேஸையும் தண்ணீரையும் மூடிவிட்டு, வலையைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஷவர் துளைகளில் உப்பு படிந்திருந்தாலும் ஓட்டம் குறையும்.

பேட்டரி இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்க வேண்டாம். சாரல் ஈரத்தில் பேட்டரி முனைகளில் துரு பிடிக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சத்தம் வருகிறது, பற்றவில்லை என்றால்

சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் மூன்றையும் பாருங்கள். அதே சிலிண்டரை அடுப்பில் மாட்டினால் கேஸ் இருப்பது தெரிந்துவிடும். புது சிலிண்டர் மாட்டியதும் டியூபில் காற்று நிற்கும். சிறிது இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை குழாயைத் திறந்து மூடினால் சரியாகும். பேட்டரி தளர்ந்திருந்தால் தீப்பொறி வந்தாலும் கேஸ் வால்வு திறக்காமல் போகலாம். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டரில் குளவியும் சிலந்தியும் கூடு கட்டியிருக்கும்; அதை மெக்கானிக்தான் திறந்து பார்க்க வேண்டும்.

கேஸ் வாடை வந்தால் சோதனையை அப்போதே நிறுத்துங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறங்கள். மின்சார சுவிட்சைத் தொடாதீர்கள். வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.

“சாண எரிவாயுவை இதில் கொடுக்கலாமா?” என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடாது. ஒரு கன மீட்டர் சமையல் கேஸ் தரும் வெப்பம், அதே அளவு சாண எரிவாயுவைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அழுத்தமும் துளை அளவும் வேறு. சாண எரிவாயுவுக்கென்றே செய்த பர்னர்தான் அதற்குப் பொருந்தும்.

பற்றி உடனே அணைந்தால்

நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். கணவாய்க் காற்று நேராக அடிக்கும் சுவரில் மாட்டியிருந்தால் தீ நிற்காது. இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. காற்று அடிக்கிறது என்று ஹீட்டரைக் குளியலறைக்குள் கொண்டுபோய், குளிருக்கு ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். ஹீட்டர் அருமையாக எரியும். ஆனால், ஒரு பங்கு கேஸ் எரிய 25 பங்குக்கு மேல் காற்று வேண்டும். மூடிய அறையில் அது தீர்ந்ததும் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரும். குளிப்பவர் கதவைத் திறக்கும் முன்பே விழுந்துவிடுவார். குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம் பாதிப்பு வரும்.

எனவே ஹீட்டர் வெளியிலேயே இருக்கட்டும். காற்று நேராக அடிக்காத பக்கத்துச் சுவருக்கு மாற்றுங்கள், மேலே ஒரு தகரச் சாய்ப்பு போடுங்கள், பக்கங்களை அடைக்காதீர்கள். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரட்டும். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து கரி படிந்தால் பயன்படுத்துவதை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அணைந்து அணைந்து போகிறது என்று உள்ளே இருக்கும் சென்சார் வயரை நேராக இணைத்துத் தரச் சொல்லாதீர்கள். தீ அணைந்தால் கேஸை நிறுத்துவது அதுதான்.

சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்து, துணி சுற்றி வையுங்கள். அடுத்த ஆனியில் மாட்டும்போது தண்ணீர், பேட்டரி, கேஸ், காற்று என்ற வரிசையில் பார்த்தால் பாதிக் கோளாறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.