தலைகீழாய்ப் பாய்ந்த சூர்யா

சூர்யா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் வீட்டுப் பிள்ளையோ என எண்ணத் தோன்றும். அல்லர். 1973 மார்கழி 15ஆம் நாள் பிரான்சின் நீஸ் நகரிற் பிறந்த கறுப்பினப் பெண்மணி சூர்யா பொனாலி. கைக்குழந்தையாக இருந்தபோதே தத்தெடுத்த பெற்றோர், வடமொழியில் ஞாயிற்றைக் குறிக்கும் இப்பெயரை அவருக்குச் சூட்டினர். வளர்ப்புத் தாய் உடற்பயிற்சி ஆசிரியை.

பனிச்சறுக்கு நடனத்தில் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பியச் சாம்பியன். பிரெஞ்சுச் சாம்பியன் பட்டமோ ஒன்பது முறை. உலகப் பட்டம் மட்டும் கைக்கெட்டவில்லை. 1993, 1994, 1995 மூன்றாண்டும் வெள்ளிப் பதக்கமே. "பாய்ச்சல் உண்டு, நளினம் போதாது" என்பதே அவர்மீது ஓயாது சொல்லப்பட்ட குறை. ஓட்டப் பந்தயத்திற் கடிகாரம் தீர்ப்பளிக்கும். இங்கோ மனிதர் கண். விடைத்தாள் திருத்திய எனக்கு அந்தக் கண்ணின் பலவீனம் தெரியும்.

1994இல் யப்பானில் நடந்த உலகப் போட்டியில், ஐந்துக்கு நான்கு என்ற நடுவர் கணக்கில் யூக்கா சாட்டோவிடம் தோற்றார். கண்ணீருடன் மேடையேற மறுத்து நின்றார். அணிவித்த பதக்கத்தையும் கழற்றினார். அரங்கம் கூச்சலிட்டது.

1998 நகானோ ஒலிம்பிக். உடலிற் காயம், பதக்க நம்பிக்கையும் இல்லை. திடீரெனப் பின்னோக்கிக் குட்டிக்கரணம் அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். அது 1970களிலேயே தடைசெய்யப்பட்ட வித்தை. புள்ளி குறையும் என்பதை நன்கறிந்தே செய்தார். கிடைத்தது பத்தாம் இடம். அத்துடன் போட்டிகளிலிருந்து விலகினார்.

அந்தத் தடையை உலகச் சம்மேளனம் 2024இல் நீக்கியது. சூர்யாவுக்கு அப்போது வயது ஐம்பது.